அன்னம்மாள் கொஞ்சம் பொறுக்கட்டும்

மாக்கிறட்டுக்கு எரிச்சலூட்டுகிறவர்களை ஒரு வரிசையில் நிறுத்தினால், "மனச மட்டும் விட்டிராதீங்க" என்று சொல்லிவிட்டு அவள் ஊற்றிக் கொடுத்த பிளேன்டீயைக் குடிக்கிறவர்கள்தான் முன்னுக்கு நிற்பார்கள். எட்டு மாதமாக வருகிறார்கள். அதுவும் கருவாடு பிரட்டும் நேரம் பார்த்து வருகிறார்கள். உச்சமுனை சின்னத் தீவு. இடையில் கிடக்கிற உப்புநீர்க் களப்பைப் படகில் தாண்டிக் கல்பிட்டிக்குப் போனால்தான் கடையும் ஆஸ்பத்திரியும். இங்கே இருக்கிறவர்களுக்குப் பொழுது போக்க வேறு என்ன இருக்கிறது, மாக்கிறட்டின் புருசன் வஸ்தியானின் இல்லாத காலைப் பார்த்து ஆறுதல் சொல்வதைத் தவிர.

ஆனால் வந்தவர்களுக்கு வஸ்தியான்தான் ஆறுதல் சொல்லி அனுப்புவார். அது அவளுக்கு இன்னும் எரிச்சல். இரத்தத்தில் சீனி கூடுகிற வருத்தத்தில் இடக்காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டு வந்த மனிசன், கதிரையில் சாய்ந்துகொண்டு, "நுளம்புக்குத்தான் நட்டம். கடிக்க ஒரு கால் குறைஞ்சு போச்சு" என்பார். வந்தவர்கள் சிரிப்பார்கள், சிரித்த கையோடு கண்ணைத் துடைப்பார்கள், பிறகு மாக்கிறட்டின் பக்கம் திரும்புவார்கள்.

"உங்கட மனிசன்ட விசுவாசத்தப் பாருங்க. நீங்க ஏன் முகத்த இப்பிடி வச்சிருக்கிறீங்க?"

வேறு எப்படி வைத்திருப்பதாம்? விடிய எழும்பி மீன் இறங்கும் கரைக்குப் போகிறாள். நெத்தலி வாங்கி, உப்புப் போட்டு, மணலில் வலை விரித்துப் பரப்புகிறாள். காகத்தையும் நாயையும் கலைக்கிறாள். தண்ணீர் சுமக்கிறாள், மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள், அவர் எழும்பி நிற்கத் தோள் கொடுக்கிறாள். ஒரே மகன் நிலுக்சன் கட்டாரில். இவ்வளவும் செய்து முடித்தபிறகு மிஞ்சுகிற முகம் எதுவோ அதைத்தான் அவள் வருகிறவர்களுக்குக் காட்டினாள்.

அன்னம்மாளோடும் அவளுக்கு அவ்வளவு சரியில்லை. தலவில கோயிலில் இருக்கிற புனித அன்னம்மாள்தான், தேவமாதாவைப் பெற்ற தாய். போன கார்த்திகையில், புத்தளம் ஆஸ்பத்திரியில், "நாளைக்குப் பாத்திட்டுத்தான் சொல்லலாம்" என்று டொக்டர் சொல்லிவிட்டுப் போனதும், வாட்டுக்கு வெளியே சுவரைப் பிடித்துக்கொண்டு மாக்கிறட் ஒரு நேர்த்தி வைத்தாள். "அம்மா, இவர்ட காலைக் காப்பாத்தித் தாங்க. வெள்ளியில கால் செய்து கொண்டு வந்து உங்கட காலடியில வைக்கிறன்."

எல்லோரும் அப்படித்தான் நேர்வார்கள். காரியம் நடந்தபிறகு வெள்ளியில் கையோ காலோ கண்ணோ வாங்கிக்கொண்டு போய்க் கொடுப்பார்கள். மாக்கிறட் பொறுமை கெட்டவள். மறுநாள் காலையே புத்தளம் கடைத்தெருவில் ஹாசிம் நானாவின் நகைக்கடை திறக்கும்வரை வாசலில் நின்று வெள்ளிக்காலை வாங்கிவிட்டாள். அன்னம்மாளுக்கு ஒரு அவசரம் காட்டினால் நல்லது என்று நினைத்தாளோ என்னவோ. வாங்கிக்கொண்டு வாட்டுக்குத் திரும்பியபோது வஸ்தியானை ஒப்பரேசன் தியேட்டருக்குக் கொண்டுபோயிருந்தார்கள். பின்னேரம் அவர் ஒற்றைக் காலோடு வந்தார்.

அந்த வெள்ளிக்கால் இப்போது அலுமாரியில், கலியாணச் சாரிக்கு அடியில் கிடக்கிறது. உள்ளங்கை நீளத்தில் ஒரு மெல்லிய தகடு. ஒரு பக்கம் புடைப்பு, மறுபக்கம் குழிவு. ஐந்து விரலையும் அடித்து வைத்திருந்தான் தட்டான்.

"நேர்ந்தா குடுக்கணும் மாக்கிறட்" என்று வஸ்தியான் மாதத்துக்கு ஒரு தடவையாவது சொல்வார்.

"கேட்டது கிடைச்சாத்தானே குடுக்கிறது? கடையில சாமான் தராம காசு எடுப்பாங்களா?"

"அன்னம்மாள் கடை வச்சிருக்கலயே."

அதைக் கேட்டால் அவளுக்கு இன்னும் கோபம் வரும். அதற்காக அவள் செபத்தை விட்டுவிட்டாள் என்று யாரும் சொல்ல முடியாது. ஒருநாளும் தவறவில்லை. தொனிதான் மாறியிருந்தது. முந்தி மன்றாடினாள், இப்போது விசாரித்தாள்.

செபத்துக்கு முன்னால் ஒரு வேலை இருந்தது. பின்னேரம் ஆனதும் வஸ்தியானின் மிச்சமிருந்த வலக்காலைத் தன் மடியில் தூக்கி வைத்து, அடிப்பாதத்தையும் விரல் இடுக்கையும் பார்ப்பாள். புத்தளம் வாட்டில் இருந்த ரிஃப்கா என்ற நேர்ஸ் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தாள். இந்த வருத்தக்காரருக்குக் காலில் உணர்ச்சி இருக்காது, முள் ஏறினாலும் தெரியாது, தெரிகிறபோது நேரம் போய்விடும், அதனால் தினமும் பாருங்கள் என்று. கல்பிட்டியிலிருந்து வந்து கருவாடு எடுக்கிற கமீலா, தன் வாப்பாவின் காலைப் பார்க்க வைத்திருந்த கைக்கண்ணாடியை இவளுக்குக் கொடுத்திருந்தாள். குனிந்து பார்க்க முடியாத இடத்துக்கு அந்தக் கண்ணாடி.

இந்தப் பார்வையிடல் வஸ்தியானுக்குக் கூச்சம். "ஆண்டவர் பாத்துக்கொண்டுதானே இருக்கிறார்" என்பார்.

"பாக்கட்டும். அவரோட சேந்து நானும் பாக்கிறன்."

செபக்குழுவை நடத்துகிற பிலோமினா அக்கா ஒருநாள் இதைப் பார்த்துவிட்டாள். "இப்பிடித் தினம் தினம் பயந்து பாத்தா அது விசுவாசக் குறைவு, மாக்கிறட்" என்றாள் அன்பாக. அன்பாகச் சொன்னதுதான் தாங்க முடியவில்லை.

ஆடி மாதத்துக் கச்சான் காற்று தொடங்கியபோது தலவிலத் திருவிழாவுக்கு இரண்டு கிழமைதான் இருந்தது. இந்த முறை உச்சமுனையிலிருந்து போகிற செபக்குழுவுக்காக வஸ்தியான் அங்கே சாட்சியம் சொல்வதென்று முடிவானது. துன்பத்தில் மனம் உடையாமல் இருப்பது எப்படி என்று அவர் சொல்வார். ஞாயிறு பூசைக்குப் பிறகு பத்துப் பேர் வீட்டுக்கு வந்து அவருக்குக் கைகொடுத்தார்கள். பத்துப் பேருக்கும் பிளேன்டீ. வெளியே நெத்தலி ஒரு பக்கம் காய்ந்து கருகிக்கொண்டிருந்தது.

அவர்கள் போனதும் மாக்கிறட் வெடித்தாள்.

"உங்கட சந்தோசத்தால இந்த வீட்டில ஒரு கோப்பை கழுவுப்பட்டிருக்கா? சாட்சியம் சொல்ற நேரத்தில வெளிய வந்து ரெண்டு நெத்தலியப் பிரட்டிப் போட்டீங்கண்டா எனக்கும் கொஞ்சம் விசுவாசம் வரும்."

வஸ்தியான் சிரித்தார். "வரும், வரும்" என்றார். எது வரும் என்று சொல்லவில்லை.

மறுநாள் மத்தியானம் அவள் கரையிலிருந்து திரும்பி வந்தபோது நெத்தலி முழுவதும் பிரட்டப்பட்டிருந்தது. யாரோ ஒரு நல்ல மனிசி, பக்கத்து வீட்டுக்காரியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். நன்றி சொல்லக்கூட நேரமில்லாமல் அடுத்த கூடையில் குனிந்தாள். அன்று பின்னேரம் வஸ்தியான் நிலுக்சனின் பழைய கால்பந்துச் சொக்ஸ் ஒன்றை வலக்காலில் முழங்கால்வரை இழுத்துவிட்டிருந்தார்.

"என்னத்துக்கு இது?"

"கச்சான் காத்து குளிருது. காலை நானே கண்ணாடி வச்சுப் பாத்திட்டன். தங்கம் மாதிரி இருக்கு. நீ போய்ப் படு."

ஆடியில் குளிராம். ஆனால் மாக்கிறட் அன்று வேலை செய்து களைத்துப்போயிருந்தாள். ஒரு வேலை குறைந்தது என்று மனதுக்குள் ஆறுதல்தான் பட்டாள். செவ்வாயும் அப்படியே. புதனும் வியாழனும் அப்படியே. நானே பார்த்துவிட்டேன் என்றார், இவள் விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிச் செபத்துக்குக் கோயிலுக்குப் பக்கத்து ஓலைக் கொட்டில் நிரம்பியிருந்தது. திருவிழாவுக்கு முன் ஒரு ஒத்திகைபோல வஸ்தியான் இங்கே ஒருதடவை சாட்சியம் சொல்ல வேண்டும் என்று பிலோமினா அக்கா கேட்டிருந்தாள். வழமையாக மாக்கிறட் கடைசியில், எழும்பி ஓட வசதியான இடத்தில்தான் இருப்பாள். இன்று பிலோமினா அக்கா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், "சாட்சியம் சொல்றவர்ட மனிசி பின்னுக்கு இருக்கிறதா?" என்று வஸ்தியானின் காலடியில் பாயில் இருத்திவிட்டாள்.

வஸ்தியான் இரண்டு தடிகளையும் கக்கத்தில் கொடுத்து எழும்பி நின்றார். முகம் வியர்த்திருந்தது. பேச்சு மட்டும் வழமைபோலத் தெளிவு.

"ஆண்டவர் என்ட ஒரு காலை எடுத்தவர். எல்லாரும் என்னைப் பாத்து அழுதாங்க. நான் சொன்னன், மற்றக் காலத் தந்துதானே வச்சிருக்கிறார்..."

அப்போதுதான் மாக்கிறட்டுக்கு அந்த மணம் வந்தது.

அந்தக் கொட்டிலில் இருந்த அத்தனை பேரிலும் மீன் மணந்தது. அது யாருக்கும் மணமே இல்லை, பிறந்ததிலிருந்து சுவாசிப்பது. ஆனால் இருபத்திரண்டு வருடமாகக் கருவாடு போடுகிற மூக்கு அவளுடையது. ஒரு குவியல் நெத்தலியில் ஒரு கை அளவு பழுதானால் பத்தடிக்கு அப்பால் நின்று எந்த மூலை என்று சொல்வாள். கமீலாகூட, "அக்கா மோந்து பாத்ததண்டா நான் மூட்டையத் திறக்க மாட்டன்" என்பாள். இப்போது வந்தது மீன் பழுதான மணமல்ல. கார்த்திகையில் ஒருதடவை இதே மணம் அவள் வீட்டுக்குள் வந்தது. அப்போது அவளுக்கு அது என்னவென்று தெரியாமல் போய்விட்டது.

அவள் சொக்ஸைப் பார்த்தாள். பாதத்தின் பக்கவாட்டில், செருப்புக்கு மேலே, ஒரு ஈரக்கறை.

மாக்கிறட் எழும்பினாள். பக்கத்தில் இருந்த கதிரையை இழுத்து வஸ்தியானுக்குப் பின்னால் போட்டு, தோளில் கை வைத்து அமத்தினாள். "இருங்க."

"நான் இன்னும் முடிக்கலயே."

"இருங்க எண்டுறன்."

அவர் இருந்தார். அவள் அவர் முன்னால் முழந்தாளிட்டாள். மனிசி கடைசியில் மனம் உருகிவிட்டாள் என்று பிலோமினா அக்காவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். "அல்லேலூயா" என்றாள் குரல் தழுதழுக்க. நாலைந்து பேர் திருப்பிச் சொன்னார்கள். மாக்கிறட் சொக்ஸைப் பிடித்து இழுத்தாள். அது வரவில்லை, ஒட்டிக்கொண்டிருந்தது. மந்திரிக்க வைத்திருந்த தண்ணீர்ப் போத்தல்களில் ஒன்றை எடுத்து மூடியைத் திறந்து சொக்ஸின் மேல் ஊற்றினாள். ஊறவைத்து, மெல்ல மெல்ல உரித்தாள்.

அடிப்பாதத்தின் முன்பாதி வெந்து, கொப்புளம் உடைந்து, சீழ் பிடித்திருந்தது. சுண்டுவிரல் கறுத்திருந்தது.

"தங்கம்" என்றாள் மாக்கிறட். அவள் குரல் உயரவில்லை. "தங்கம் மாதிரி இருக்கெண்டுதானே சொன்னீங்க? இதச் சொல்லுங்க சாட்சியத்தில. மிச்சக் காலையும் ஒளிச்சு வச்சு அழுகவிட்டன் எண்டு சொல்லுங்க."

வஸ்தியான் நிலத்தைப் பார்த்தார். "திருவிழா முடியப் போவம் எண்டு நினைச்சன். ஒரு கிழமைதானே."

"போன முறையும் ஒரு கிழமைதான் எண்டீங்க."

பிலோமினா அக்கா முன்னால் வந்தாள். முகம் வெளுத்திருந்தது, ஆனால் அவளுக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். இரண்டு கையையும் அந்தக் காலுக்கு மேலே நீட்டி, "எல்லாரும் கையை நீட்டுங்க, இப்ப செபிப்பம்" என்றாள்.

மாக்கிறட்டுக்கு எட்டு மாதத்து எரிச்சலும் ஒன்றாகத் திரண்டு வந்தது. கத்துவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

"செபிங்க அக்கா" என்றாள். "வேணாம் எண்டு சொல்லல. ஆனா போட்டில ஏறிச் செபிங்க. உங்கட தம்பியக் கூப்பிட்டு எஞ்சினப் போடச் சொல்லுங்க. இந்தக் காத்துக்கு வெறும் போட் துள்ளும், துள்ளினா கால் அடிபடும். எனக்குப் பாரம் வேணும். எட்டுப் பேர் வாங்க."

பிலோமினா அக்கா நீட்டிய கையை மடக்கவில்லை. அப்படியே திரும்பி, கொட்டிலில் கொஞ்சம் பெரிய உடம்புக்காரிகளாகப் பார்த்து, "நீ, நீ, நீ" என்று கை காட்டினாள். முதலில் தன் நெஞ்சைத்தான் காட்டினாள்.

மாக்கிறட் வீட்டுக்கு ஓடி அலுமாரியைத் திறந்து கிளினிக் கொப்பியையும் ஒரு வெள்ளைச் சீலையையும் இழுத்தாள். சீலையோடு சேர்ந்து வெள்ளிக்காலும் வந்து நிலத்தில் விழுந்தது. அதை உதைத்துத் தள்ளலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். எடுத்து, கமீலாவின் கைக்கண்ணாடியோடு சேர்த்துப் பையில் போட்டாள். அப்படியே கல்பிட்டியில் இருக்கிற கமீலாவுக்குத் தொலைபேசியில், இறங்குதுறைக்கு ஒரு ஓட்டோ கொண்டு வரச் சொன்னாள்.

களப்பு அன்று ஒரு ஞாயம் இல்லாமல் அடித்தது. படகின் நடுவில் வஸ்தியானைப் படுக்க வைத்து, சீலை சுற்றிய காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள் மாக்கிறட். சுற்றிவர எட்டுப் பேர், உப்பு மூட்டை அடுக்கியதுபோல. செபமாலை நடந்தது. அலை முகத்தில் அறையும்போது எல்லோரும் வாயை மூடுவார்கள், அலை போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள். செபமாலையின் மூன்றாம் பத்து மணியில் பிலோமினா அக்கா படகின் ஓரத்தால் தலையை நீட்டி வாந்தி எடுத்தாள். எடுத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு நான்காம் பத்தைத் தொடங்கினாள். அவளுடைய இடக்கை முழு நேரமும் வஸ்தியானின் தோளைப் படகோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தது. எட்டு மாதத்தில் முதல் தடவையாக மாக்கிறட்டுக்கு அவள்மேல் எரிச்சல் வரவில்லை. வரவழைக்கப் பார்த்தாள், முடியவில்லை.

இறங்குதுறையில் கமீலா ஓட்டோவோடு நின்றாள். காலைப் பார்த்ததும் ஒன்றும் கேட்கவில்லை. "ஏத்துங்க, ஏத்துங்க" என்றாள். "நெத்தலிய யோசிக்காதீங்கக்கா, ஆள் அனுப்பி நான் அள்ளி வைக்கிறன்." கல்பிட்டி ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, அங்கிருந்து அம்புலன்ஸில் புத்தளத்துக்கு அனுப்பினார்கள். செபக்குழு ஈரச் சாரிகளோடு வாசலிலேயே நின்றுவிட்டது.

புத்தளம் வாட்டில் அதே ரிஃப்கா இருந்தாள். கட்டைப் பிரித்துப் பார்த்தவள் மாக்கிறட்டை நிமிர்ந்து பார்த்தாள்.

"தினமும் பாத்தீங்களாம்மா?"

"நாலு நாள் பாக்கல மிஸ்" என்றாள் மாக்கிறட். அதைச் சொல்ல அவளுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

டொக்டர் வந்து பார்த்தார். அன்றே சுத்தம் பண்ண வேண்டும், சுண்டுவிரலை எடுக்க வேண்டும், அதற்கு மேலே ஏறாமல் நிற்குமா என்று மூன்று நாள் போனால்தான் சொல்லலாம் என்றார். எல்லாம் சிங்களத்தில். ரிஃப்கா தமிழில் சொல்லும்போது கொஞ்சம் மெதுவாக்கிச் சொன்னாள். ஆனால் மாக்கிறட்டுக்கு முதலிலேயே விளங்கியிருந்தது.

சுத்தம் பண்ணிக் கட்டிக்கொண்டு வந்த மறுநாள் முழுக்க வஸ்தியான் ஒன்றும் பேசவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்த ஆள் சுகம் விசாரித்தார். பதில் இல்லை. ரிஃப்கா சேலைன் மாற்ற வந்தபோது நுளம்பு ஒன்றை அடித்தாள். அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. மாக்கிறட் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் இருந்து அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த மனிசன் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு இருக்க மாட்டாரா என்று எட்டு மாதமாக அவள் அன்னம்மாளிடம் கேட்டதுண்டு. கேட்டது கிடைத்திருக்கிறது. அவள் ஸ்டூலைக் கட்டிலுக்கு இன்னும் கிட்ட இழுத்தாள்.

"எப்பிடி வெந்தது?" என்று கேட்டாள்.

அவர் கூரையைப் பார்த்தபடி இருந்தார்.

"கேக்கிறன்தானே. அடுப்படிக்கும் நீங்க போறதில்ல. எப்பிடி வெந்தது?"

"நெத்தலி பிரட்டப் போனனான்" என்றார் வஸ்தியான். "திங்கக்கிழம மத்தியானம். நீ கரைக்குப் போயிருந்த நேரம். மணலில தடி புதைஞ்சுது. செருப்பு எங்கயோ கழண்டிருக்கு. எனக்குத் தெரியல மாக்கிறட். சுடேல. முழுக்கப் பிரட்டி முடிச்சு வாசலுக்கு வந்தபிறகுதான் காலப் பாத்தன்."

மாக்கிறட் அவருடைய போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

"உனக்குச் சொன்னா, நீ ஏசினதாலதான் இப்பிடி ஆச்சு எண்டு நினைப்பா. அதுதான் சொக்ஸப் போட்டன்."

ஓம், நினைப்பாள். இப்போதும் அதைத்தான் நினைத்தாள். நல்ல மனிசி என்று பக்கத்து வீட்டுக்காரியை நினைத்தது ஞாபகம் வந்தது. ஒற்றைக் காலில், சுடுமணலில், தடியை ஊன்றிக் குனிந்து குனிந்து அவர் நெத்தலி பிரட்டியதை யாருமே பார்க்கவில்லை. அந்த நேரத்தில் அவள் கரையில் நின்று, ஒரு வேலைக்கும் உதவாத மனிசன் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இந்தக் காலும் போனா?" என்று கேட்டார் அவர். குரலில் பகிடி இல்லை. "ஆக்களுக்கு முன்னால நிண்டு நல்லாத்தான் சொல்லுவன். படுத்தா பயமாயிருக்கும். எட்டு மாசமும் பயந்தான். நான் சிரிக்காட்டி நீ விழுந்திருவா எண்டு நினைச்சன்."

மாக்கிறட் ஆறுதலாக ஏதாவது சொல்லப் பார்த்தாள். எட்டு மாதமாக அத்தனை பேர் அவள் வீட்டுக்கு வந்து சொன்ன அத்தனையும் அவளுக்குப் பாடம். மனதை விடாதீர்கள், ஆண்டவர் கைவிட மாட்டார், நம்பிக்கையோடு இருங்கள். ஒன்றுகூட நாக்கில் ஏறவில்லை. ஏறினாலும் அவளே தன்மேல் எரிந்து விழுந்திருப்பாள். அவர் சொன்னது ஒன்றுதான் வந்தது.

"போனா நுளம்பெல்லாம் பட்டினியில சாகும்" என்றாள் கடுகடுத்த முகத்தோடு.

வஸ்தியான் திரும்பி அவளைப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொடங்கி, பாதியில் அழுதார். அவள் சாரித் தலைப்பால் அவர் முகத்தைத் துடைத்தாள், கொஞ்சம் முரட்டுத்தனமாகவே. தன் முகத்தையும் துடைத்தாள். பிறகு இரண்டு பேரும் செபம் சொன்னார்கள். அன்று அவள் அன்னம்மாளை விசாரிக்கவில்லை. பிள்ளைபோலக் கேட்டாள்.

மூன்றாம் நாள் டொக்டர் கட்டைப் பிரித்து, மேலே தட்டிப் பார்த்து, அழுத்திப் பார்த்து, ரிஃப்காவிடம் ஏதோ சொன்னார். ரிஃப்கா சொல்லுமுன்பே அவள் முகம் சொல்லிவிட்டது.

"கால் நிக்கும்மா. விரல் ஒண்டோட போச்சு. இன்னும் ரெண்டு நாள் வச்சிருந்தீங்கண்டா வேற கதை."

"ஆர் கண்டுபிடிச்சது?" என்று டொக்டர் உடைந்த தமிழில் கேட்டார்.

வஸ்தியான் மாக்கிறட்டைக் கை காட்டினார். "இவதான். என்னை ஒருநாளும் நம்பாத ஆள்."

டொக்டர் போனதும் மாக்கிறட் பையைத் திறந்து வெள்ளிக்காலை எடுத்தாள். வஸ்தியானின் கண் விரிந்தது.

"இத இஞ்சயும் கொண்டு வந்தியா? அது போன காலுக்கு நேர்ந்ததெல்லோ. இடக்கால்."

மாக்கிறட் தகட்டைப் புரட்டினாள். குழிவுப் பக்கம் மேலே வந்தது. பெருவிரல் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போனது. பார்த்தால் வலக்கால்.

"இப்ப பாருங்க" என்றாள். "மெல்லிசுத் தகடு. எந்தக் காலுக்கும் சரி. குடுப்பம். ஆனா நான் கொண்டு போய்க் குடுக்க மாட்டன். நீங்க குடுப்பீங்க. பொய்க்கால் போட்டுப் பழகி, தலவில வாசலில இருந்து உள்ளுக்கு நடந்து போய், உங்கட கையால வைப்பீங்க. சாட்சியத்தையும் அங்க சொல்லுங்க. பயந்ததையும் சேத்துச் சொல்லுங்க."

"திருவிழா இந்தக் கிழமையோட முடியுதே. அடுத்த வருசமாகும்."

"ஆகட்டும்."

"அது வரைக்கும் அன்னம்மாள் பொறுப்பாவா?"

"ஒரு பிள்ளைக்காகத் தலை நரைக்கும் வரைக்கும் பொறுத்திருந்த மனிசி" என்றாள் மாக்கிறட். "இதுக்குக் கொஞ்சம் பொறுக்கட்டும்."

தகட்டை ஒரு துண்டுத் துணியில் சுற்றி மறுபடி பையில் வைத்தாள். வைக்கும்போது கைக்குக் கமீலாவின் கண்ணாடி தட்டுப்பட்டது. வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது, அவர் காலைப் பார்க்கிற நேரம். அவள் கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். வாயைத் திறந்து சொல்ல முன்பே வஸ்தியான் வலக்காலை மெல்லத் தூக்கி அவள் மடியில் வைத்தார். முழுக்கக் கட்டுப் போட்டிருந்த காலில் பார்க்க ஒன்றும் இருக்கவில்லை. ஆனாலும் அவள் பார்த்தாள்.